மீட்டருக்கு ஒரு பொட்டு

தாம்பாளம் உங்க முழங்கால்ல இடிக்குதா அண்ணாச்சி? இந்தா, இங்கிட்டு சாச்சுக்கிறேன். கீழ வைக்கலாம்தான். ஆனா சீர்த் தட்டுல்ல, பஸ்ஸுத் தரையில எப்படி வைக்கிறது? மேல கட்டின மஞ்சத்துணியைக்கூட அவுக்காம வச்சிருக்கேன். உள்ள பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, சட்டை, தேங்காய், பழம், வெத்தலை பாக்கு, நடுவுல சின்ன டப்பாவுல தங்கத்தோடு. பழந்தான் கொஞ்சம் நசுங்கிருச்சு. வாடை வருதா? ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளி விடுங்க.

ஆமா, விசேஷந்தான். காதுகுத்து. என் தங்கச்சி மக மிருதுளாவுக்கு. நான் தாய்மாமன். என் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். கோயில் கயத்தாறு தாண்டி உள்ள போகணும், தங்கச்சி மாப்ள வீட்டுச் சாஸ்தா கோயில்.

இல்ல, பஸ்ஸு மாறி ஏறல. இது விருதுநகர் போற பஸ்ஸுன்னு தெரிஞ்சுதான் ஏறினேன். வீட்டுக்குத்தான் போறேன். மணி என்ன இப்ப? என் போனை அணைச்சு வச்சிருக்கேன். பத்தரை தாண்டிருச்சா? அப்ப ராகு காலம் வந்திருச்சு. குத்தி முடிச்சிருப்பாங்க.

அப்படிப் பாக்காதீங்க. கண்டக்டரும் அப்படித்தான் பாத்தான். பட்டு வேட்டியில வண்டி மையி, சட்டையில மையி, மடியில சீர்த் தட்டு, எவன் வீட்டுத் தட்டைத் தூக்கிட்டு வந்தானோன்னு. விருதுநகர்ல கேட்டுப் பாருங்க, ஆதிலிங்கம் பாத்திரக்கடைன்னா தெரியாத ஆள் கிடையாது. கல்யாணமோ காதுகுத்தோ, சீர் செய்யிறவங்க நேரா என் கடைக்குத்தான் வருவாங்க. ஊருல உள்ள தாய்மாமனுக்கெல்லாம் தட்டு குடுத்து அனுப்புறவன் நான். எந்தத் தட்டுக்கு எந்தச் செம்பு, எதை முன்னால தூக்கிட்டுப் போகணும், எல்லாம் என்கிட்டத்தான் கேப்பாங்க. இன்னைக்கு என் தட்டு போய்ச் சேரல. இதை யாருகிட்ட சொல்றது? உங்களை முன்னப்பின்ன தெரியாது, அதனால சொல்றேன்.

என்னது, இதா? மணிக்கட்டுல ஒட்டியிருக்கிறதா? பொட்டுதான். என் வீட்டுக்காரி செண்பகத்தோட ஸ்டிக்கர் பொட்டு. சிரிக்காதீங்க. அதையும் சொல்றேன். ஆனா அதுல இருந்து ஆரம்பிச்சா என்னைக் கிறுக்கன்னு நினைப்பீங்க. மூத்த பய காதுகுத்துல இருந்து சொல்லணும்.

மூத்தவன் தங்கச்சி மகன், இப்பப் பள்ளிக்கூடம் போறான். அவன் காதுகுத்துக்கு நான் பஸ்ஸுல போனேன். இதே மாதிரித்தான், மடியில தட்டு. கயத்தாறுல எறங்குறேன், மாப்ள தவசிக்கனி தன் காரைக் கொண்டாந்து ஸ்டாப்புலயே நிறுத்திக்கிட்டு நிக்கிறாரு. 'வாங்க மச்சான்'னு கதவைத் திறந்து விடுறாரு. தட்டை ரெண்டு கையாலயும் வாங்கிப் பின்சீட்டுல வைக்கிறாரு. அவரு வேலையைப் பாத்தீங்களா? நான் அவரு கார்ல போய் எறங்கணும், அதை அவரு சொந்தக்காரங்க அத்தனை பேரும் பாக்கணும். கோயில்ல அவரு மதினி ஒருத்தி கேட்டா, 'தாய்மாமன் எதுல வந்தாரு?'ன்னு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மாப்ள சொல்றாரு, 'எங்கூடத்தான் வந்தாரு'ன்னு. பஸ்ஸுல வந்தாருன்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் அண்ணாச்சி. மறைச்சுச் சொன்னாரு பாருங்க, அதுதான் எனக்கு ஆறவே இல்ல. நான் பஸ்ஸுல வந்தது மறைக்கிற மாதிரியான காரியமா?

அன்னைக்கு முடிவு பண்ணினேன், அடுத்த பிள்ளை காதுகுத்துக்கு என் சொந்தக் கார்லதான் போய் எறங்கணும்னு. வாங்கவும் வாங்கிட்டேன். செகண்ட் ஹேண்டுதான். ஆனா பாத்தா யாரும் சொல்ல முடியாது. மெரூன் கலரு. வெயில் படக் கூடாதுன்னு வீட்டுக்கு முன்னால தகரக் கொட்டகை போட்டேன். பூசை போட்டோம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தினேன், பூசணிக்கா சுத்தி உடைச்சோம். போட்டோ எடுத்துத் தங்கச்சி பேச்சிக்கனிக்கு அனுப்பினேன்.

உடனே மாப்ள போன் போட்டாரு. 'ரொம்பச் சந்தோசம் மச்சான். வண்டி நல்லாருக்கு. பழைய வண்டின்னா டயரை மட்டும் ஒருதடவை காட்டிருங்க. காத்து அப்பப்பப் பாத்துக்கிடுங்க'ன்னாரு. பழைய வண்டியாம்! ஒரு போட்டோவை வச்சே கண்டுபிடிச்சுட்டாரு. பாராட்டுற மாதிரி ஆரம்பிச்சு எங்க கொண்டு போய் முடிச்சாரு பாத்தீங்களா? நான் டயரைக் காட்டல. அவரு சொன்னதுக்கப்புறம் எப்படிக் காட்டுறது?

போன வாரந்தான் அந்த விளக்கு எரிஞ்சுது. மீட்டருக்குள்ள, மஞ்சளா. நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்திரக்கடைக்காரன், என் கண்ணுக்கு அது உருளி. அடி தட்டையா இருக்கு, ரெண்டு பக்கமும் வளைஞ்சு மேல போகுது, வாய் திறந்திருக்கு, உள்ள ஒரு ஆச்சரியக்குறி நிக்குது. சரி, உருளி அடுப்புல இருக்கு, உள்ள என்னமோ கொதிக்குதுன்னு எடுத்துக்கிட்டேன். எஞ்சின் சூடாகுதுன்னு அர்த்தம் பண்ணினேன். முன்பக்கத்தைத் திறந்து தண்ணி ஊத்துற இடத்துல தண்ணி ஊத்தினேன். அணையல. அழுக்கா இருக்கும்னு வண்டியைக் கழுவினேன். சக்கரத்தையும் விடல, தேங்காநாரு போட்டுத் தேச்சேன். இடது பின்சக்கரம் மட்டும் அடியில கொஞ்சம் பிதுங்கி நின்ன மாதிரி இருந்துச்சு. தண்ணியில ஊறிப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். ரப்பரு ஊறுமான்னு நீங்க கேக்காதீங்க, இன்னைக்கு ஒரு பஞ்சர் கடைக்காரர் கேட்டுட்டாரு.

அப்புறம் வண்டியை வித்தவனுக்குப் போன் போட்டேன். அவன் சிரிச்சான். 'அண்ணே, அது டயர் விளக்கு. நாலு டயர்ல ஏதாவது ஒண்ணுல காத்து கொறைஞ்சா எரியும். தை மாசம்ல, விடியக்காலையில குளிருக்குக் காத்து சுருங்கும், ஓட்டினா சூடேறி அணைஞ்சிரும். அணையாம நின்னா மட்டும் காத்தைப் பாத்துருங்க'ன்னான். அவன் சொன்ன மாதிரியே மறுநாள் கொஞ்ச தூரம் ஓட்டினேன், அணைஞ்சுது. என் கண்ணால பாத்தேன். அதுக்கு அடுத்த நாள் எரிஞ்சுது, அணையல. எனக்குக் கோபம் விளக்கு மேல வரல அண்ணாச்சி. டயர் விளக்குங்கிறான் பாருங்க, மாப்ள சொன்ன அதே டயரு.

செண்பகம் சொன்னா, 'கடைக்குப் போற வழியில பெட்ரோல் பங்க்குல காத்து புடிச்சுட்டுப் போங்க'ன்னு. நல்லாத்தான் சொன்னா. அதோட நிறுத்தியிருந்தா நான் போயிருப்பேன். 'தவசி அண்ணன்கூட அன்னைக்கே சொன்னாருல்ல'ன்னு ஒரு வார்த்தையைச் சேத்தா. போகல. வாழ்க்கையில சில நேரம் ஒரு வார்த்தை கூடிப்போயிருது.

காத்து புடிக்கலைன்னாலும், எனக்கு வேற கவலை வந்திருச்சு. காதுகுத்து முடிஞ்சதும் மாப்ள கண்டிப்பா என் வண்டியில ஏறி உக்காருவாரு. ஸ்டியரிங்கைப் புடிச்சுப் பாப்பாரு, சாவியைத் திருப்புவாரு. மஞ்சளா அந்த உருளி எரியும். 'மச்சான், சொன்னேன்ல'ன்னு சொல்ல மாட்டாரு, அந்த அளவுக்கு விவரம் தெரிஞ்சவரு. சிரிச்சுக்கிட்டே எறங்கிருவாரு. அந்தச் சிரிப்பை நான் எப்படித் தாங்குறது?

அதுக்குத்தான் பொட்டு. செண்பகம் நிலைக்கண்ணாடி ஓரத்துல ஒட்டி வச்சிருப்பாள்ல, அதுல ஒண்ணை உரிச்சுக் கொண்டுபோய் மீட்டர் கண்ணாடியில, விளக்குக்கு நேரா ஒட்டினேன். சின்னப் பொட்டு, பத்தல. சுத்தியும் மஞ்சளா தெரிஞ்சுது, கிரகணம் புடிச்ச மாதிரி. அப்புறம் அவ விசேஷத்துக்குன்னு வாங்கி வச்சிருந்த பெரிய பொட்டை எடுத்து ஒட்டினேன். கச்சிதமா மூடிருச்சு. அவ பாத்துட்டு, 'மீட்டருக்குமா பொட்டு?'ன்னா. 'ஆயுத பூசைக்குத் தராசுக்கு வைக்கிறோம், கல்லாவுக்கு வைக்கிறோம், மீட்டரு என்ன பாவம் பண்ணுச்சு'ன்னேன். அவ கையெடுத்துக் கும்பிட்டா அண்ணாச்சி. நிசமாவே கும்பிட்டா. அப்ப எனக்கு உள்ள ஒரு மாதிரித்தான் இருந்துச்சு.

ஒட்டினதுக்கப்புறம் எரியுதா அணைஞ்சுதான்னு எனக்கும் தெரியாது. அது ஒரு நிம்மதி. ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

செண்பகம் சமையல் வேலைக்கு ஒத்தாசையா நேத்தே போயிட்டா. இன்னைக்குக் காலையில நான் தனியாக் கெளம்பினேன். தட்டை முன்சீட்டுல வச்சு சீட் பெல்ட் போட்டேன். நேரத்தோட போய் எறங்கணும், மாப்ள வாசல்ல நிக்கணும், நான் ஆரன் அடிக்கணும். இதை எத்தனை தடவை மனசுக்குள்ள ஓட்டிப் பாத்திருப்பேன்னு நினைக்கிறீங்க? சாத்தூர்ல பங்க்குல நிறுத்திப் பெட்ரோல் போட்டேன். அங்க வேலை பாக்கிற அம்மா, 'சார், பின்னாடி டயரு கம்மியாத் தெரியுது, காத்து பாக்கவா?'ன்னா. பின்னால ரெண்டு கார் நிக்குது, எல்லாரும் காதுல வாங்குறாங்க. 'பாத்துட்டுத்தாம்மா வந்தேன்'னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். காத்து புடிக்கிற குழாய் கையெட்டுற தூரத்துலதான் தொங்குச்சு.

அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரல. ரோட்டுல போறவன் வாரவனெல்லாம் என் வண்டியைப் பாத்தான். பைக்குல புருசன் பொண்டாட்டி போறாங்க, அந்தப் பொண்ணு திரும்பித் திரும்பிக் கையை நீட்டி என் வண்டியைக் காட்டுது. நான் என்ன நினைச்சேன்? மெரூன் கலரு எடுப்பா இருக்குன்னு நினைச்சேன். பதிலுக்குக் கையைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்சம் தள்ளி ஒரு லாரி, கிளீனர் தலையை வெளிய விட்டு என்னமோ கத்துறான். கண்ணாடி ஏத்தியிருக்கேன், கேக்கல. அவனுக்கும் கையைக் காட்டினேன். சிரிச்சேன் வேற. நினைச்சா உடம்பெல்லாம் கூசுது.

வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சு. ரோடு சரியில்லன்னு நினைச்சேன். பின்னால தொம்மு தொம்முன்னு சத்தம். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வச்சேன். அப்புறம் ரப்பர் தீயுற நாத்தம் வந்துச்சு, வண்டி ஒரு ஆட்டம் ஆடுச்சு, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எப்படியோ ஓரங்கட்டிட்டேன். பின்னால வந்த பஸ்ஸு என்னை உரசுற மாதிரி ஆரன் அடிச்சுக்கிட்டுப் போச்சு. கொஞ்சம் தப்பியிருந்தா நான் உங்க பக்கத்துல உக்காந்து கதை சொல்லிக்கிட்டிருக்க மாட்டேன்.

கோயில்பட்டிக்கு முன்னால ஒரு பஞ்சர் கடை இருக்கு, நல்ல வேளை அதுக்குக் கிட்டத்துலதான் நின்னுச்சு. ரெண்டு பேரு சேந்து தள்ளிக் கொண்டுபோய் விட்டோம், அதுலதான் வேட்டி இந்தக் கதி ஆச்சு. கடைக்காரர் டயரைக் கழட்டிப் பாத்தாரு. உள்ள ஆணி. தகரம் அடிக்கிற ஆணி அண்ணாச்சி, வண்டிக்கு வெயில் படக் கூடாதுன்னு போட்டேன்ல, அந்தக் கொட்டகை ஆணி. 'விளக்கு எரிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா ஒட்டிக் குடுத்திருப்பேன். காத்தில்லாம ஓட்டி ஓட்டிப் பக்கமெல்லாம் கிழிஞ்சுபோச்சு. வேற டயரு கோயில்பட்டியில இருந்து வரணும், மத்தியானம் ஆகும்'னாரு. 'சரி, ஸ்டெப்னியை மாட்டுங்க'ன்னேன். எடுத்து அமுக்கினா தலகாணி மாதிரி உள்ள போகுது. அதுலயும் கிழிசல். வாங்கின நாள்ல இருந்து அதை நான் திறந்துகூடப் பாக்கல. பின்னால வச்சு மூடினதோட சரி.

அவரு கதவைத் திறந்து உள்பக்கத்துல ஒரு ஸ்டிக்கரைக் காட்டுறாரு. எந்த டயருக்கு எவ்வளவு காத்து வேணும்னு அதுலயே போட்டிருக்கு. அதை நான் தினமும் துணி போட்டுத் துடைச்சேன். படிச்சதில்ல.

அப்ப இருந்து போன் அடிக்க ஆரம்பிச்சுது. முதல்ல பேச்சிக்கனி. 'எங்கண்ணே வந்துக்கிட்டிருக்க?' 'இந்தா வந்துட்டேன் பேச்சி'ன்னேன். அப்புறம் செண்பகம். 'கோயில்பட்டி தாண்டிட்டேன்'னேன். அப்புறம் மாப்ளயே பேசுறாரு. 'மச்சான், எங்க நிக்கீங்க? வண்டிக்கு ஏதும் கோளாறுன்னா சொல்லுங்க, நான் வாரேன். ஆசாரி வந்தாச்சு, பத்தரைக்கு முன்னால குத்தணும்.' கேட்டீங்களா, 'வண்டிக்குக் கோளாறுன்னா'ங்கிறாரு! எடுத்த எடுப்புலயே அதுதான் அவருக்குத் தோணுது. 'ஒரு கோளாறும் இல்ல, பக்கத்துல வந்துட்டேன், நீங்க வர வேண்டாம்'னுட்டேன்.

பொய்யா அது? நம்ம ஊருல யாரு சொல்லல, இந்தா வந்துட்டேன்னு? குளிச்சுக்கிட்டே சொல்லுவான். அதை அவரு நம்பிட்டுப் பேசாம இருந்திருக்கலாம்ல? இல்ல, காரை எடுத்துக்கிட்டுத் தேடி வந்துட்டாரு. நான் சொன்ன இடத்துல ஆளு இல்லன்னதும் கோயில்பட்டியும் தாண்டி வந்துட்டாரு. எதிர்ப்பக்கத்து ரோட்டுல மெதுவா, ஓரத்தையே பாத்துக்கிட்டு வாராரு. தூரத்துல பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

என் வண்டிக்குள்ள என்ன இருக்கு? பொட்டு இருக்கு. அவசரமா உள்ள குனிஞ்சு உரிச்சேன். கையிலதான் ஒட்டுச்சு, எங்க போடுறதுன்னு தெரியாம மணிக்கட்டுல ஒட்டிக்கிட்டேன். ஆனா மீட்டர்ல பசை வட்டமா நிக்குது, தள்ளுறப்பத் திருப்பின சாவி அப்படியே இருக்கு, வட்டத்துக்குள்ள மஞ்ச விளக்கு ஜம்முனு எரியுது. பழைய டயர்களை அடுக்கி வச்சிருப்பாங்கள்ல, அதுக்குப் பின்னால போய்க் குத்தவச்சேன். பட்டு வேட்டியோட. பாத்திரக்கடை ஆதிலிங்கம். பஞ்சர் கடைக்காரர் என்னைப் பாத்துட்டு அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டாரு.

மாப்ள அங்கிட்டுப் போய் வளைஞ்சு இந்தப் பக்க ரோட்டுக்கு வந்துட்டாரு. கடைக்கு நேரா வரும்போது பின்னால சிவப்பு விளக்கு எரிஞ்சுது, நிறுத்தப் போறாருன்னு நினைச்சேன். அப்புறம் போயிட்டாரு. முன்னால ஆடு மாடு ஏதும் குறுக்க வந்திருக்கும். நல்ல வேளை, பாக்கல.

அதுக்கப்புறமாவது நான் கோயிலுக்குப் போயிருக்கலாம். நீங்க அதைத்தான் கேக்கப் போறீங்க. கோயில்பட்டி பஸ்ஸுதான் முதல்ல வந்துச்சு. நான் தட்டோட நிக்கிறதைப் பாத்து அதுவே நின்னுச்சு, கண்டக்டரு கையை நீட்டித் தட்டை வாங்கக்கூட வந்துட்டான். வேண்டாம்னு தலையை ஆட்டிட்டேன். மறுபடியும் பஸ்ஸுலயா? அதுவும் இந்த வேட்டியோட? எல்லாரும் எழுந்து நின்னு பாக்க? போனை அணைச்சேன். ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்து நின்னேன். இந்த பஸ்ஸு வந்துச்சு.

இப்பச் சொல்லுங்க, என் மேல என்ன தப்பு? டயரு நான் செஞ்சதா? ஆணியை நான் வேணும்னு போட்டேனா? அவரு மட்டும் தேடி வராம இருந்திருந்தா நான் அங்கேயே இருந்து...

சரி, விடுங்க. பிள்ளையைப் பாக்குறீங்களா? போன்ல போட்டோ இருக்கு. மொட்டை போட்ட அன்னைக்கு எடுத்தது. இருங்க, போனைப் போட்டாத்தான் காட்ட முடியும். காதுகுத்து முடிஞ்சிருச்சு, இனிமே யாரு கூப்பிடப் போறா. இந்தா, இதுதான் மிருதுளா. என்னைக் கண்டா முதல்ல அழும். அப்புறம் என் சட்டைப் பையில கையை விட்டுப் பேனாவை எடுக்கும். நான் குனிஞ்சேன்னா என் காதைப் புடிச்சு இழுக்கும். இதுக்குக் காது குத்துறப்பப் புடிச்சுக்கிற மடி என் மடியா இருக்கணும்னு...

அடிக்குது பாருங்க. பேச்சிக்கனி. எடுக்கவா? என்ன சொல்லுவேன்? நீங்க ஏன் அண்ணாச்சி தலையை ஆட்டுறீங்க, உங்களுக்கென்ன. சரி, எடுக்கிறேன்.

அலோ. சொல்லு பேச்சி. கேக்குது... ம். செண்பகம் மடியிலயா? சரிதான், நல்லது... என்னது? ஒரு காதுன்னா? இன்னொண்ணு? இரு, வைக்காத, ஒரு நிமிசம் இரு.

அண்ணாச்சி, நேரம் போகுதுன்னு வலது காதை மட்டும் செண்பகம் மடியில வச்சுக் குத்திட்டாங்களாம். தோடு என்கிட்டல்ல இருக்கு, வேப்பங்குச்சி சொருகியிருக்காங்களாம். இடது காதுக்கு ஆசாரி கையைக் கொண்டு போறப்ப என் தங்கச்சி பிள்ளையை வெடுக்குனு தூக்கிட்டாளாம். இந்தக் காது எங்க அண்ணன் மடிக்குன்னு சொல்லிட்டாளாம். பன்னெண்டுக்கு மேல நேரம் நல்லா இருக்காம். ஆசாரியை விடலயாம், பந்தியும் போடலயாம். அவுக வீட்டு ஆளுக முணுமுணுக்கிறாங்களாம், அதையும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கா.

சொல்லு பேச்சி. யாரு, மாப்ளயா? என்ன சொன்னாரு? எங்க பாத்தாரு? ... ம். ... ம்.

பாத்துட்டாராம் அண்ணாச்சி. டயருக்குப் பின்னால நான் குத்தவச்சிருந்ததை மாப்ள பாத்துட்டாராம். நிறுத்தப் போனவரு, நிறுத்தாமப் போயிட்டாராம். 'நான் பாக்கிறது மச்சானுக்குச் சங்கடமா இருக்கு, அப்புறம் எதுக்கு எறங்கிப் போய் முன்னால நிக்கணும்'னு இவகிட்ட மட்டும் இப்பத்தான் சொன்னாராம். கோயில்ல மத்த எல்லாருகிட்டயும், மச்சான் வண்டி வழியில நின்னுபோச்சு, ஆளு வந்துக்கிட்டே இருக்காருன்னு சொல்லி வச்சிருக்காராம். மறுபடியும் எனக்காக மறைச்சுச் சொல்லியிருக்காரு. அன்னைக்கும் அதுக்குத்தான் சொன்னாரா? நான்தான் வேற மாதிரி... எனக்கு மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியல.

ஆமா பேச்சி, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பஞ்சர் கடையிலயா? ஆமா, அந்தக் கடைதான்.

அங்கேயே இரு, அவரை அனுப்பி வைக்கிறேங்கிறா. நான் இன்னும் அங்கதான் இருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. சாத்தூர் வந்திருச்சுல்ல? இங்க எறங்கி எதிர் பஸ்ஸைப் புடிச்சா, அவரு வந்து சேர்றதுக்குள்ள நானும் போய் அந்தக் கடையில உக்காந்துக்கலாம். ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பேச்சி. இல்ல பேச்சி, கேளு. நான் கடையில இல்ல. வீட்டுக்குப் போற பஸ்ஸுல உக்காந்திருக்கேன். ஆமா, விருதுநகருக்குத்தான். உன் பிள்ளை தோடு என் மடியில இருக்கு. வெக்கப்பட்டுக்கிட்டு ஓடி வந்துட்டேன். மாப்ள டயரைப் பாருங்கன்னாரு, நான் பாக்கல. ... அழாத. பிள்ளை முன்னால அழாத. சாத்தூர்ல எறங்கிக்கிறேன். பஸ் ஸ்டாண்டு வாசல்ல, ரோட்டுல தெரியிற மாதிரி நிக்கிறேன். மாப்ளய வரச் சொல்லு. சரி. வச்சிரு.

தட்டைக் கொஞ்சம் புடிங்க அண்ணாச்சி, நான் எந்திரிச்சுக்கிறேன். மஞ்சத்துணி நழுவாமப் பாத்துக்கங்க. கண்டக்டரே, ஒரு எறக்கம்.

என்ன, இதையா? ஆமா, நீங்க சொல்றது சரிதான், உரிச்சு ஜன்னல் வழியாப் போட்டுட்டுப் போகலாம். நானும் நகத்தைக் கொண்டு போயிட்டேன். ஆனா வேண்டாம், இருக்கட்டும். கதவைத் திறந்து விட்டதும் மாப்ள கண்ணு இதுலதான் விழும். என்ன மச்சான் கையில பொட்டுன்னு கேப்பாரு. இல்ல, கேக்க மாட்டாரு. தட்டை ரெண்டு கையால வாங்கிப் பின்சீட்டுல வச்சுட்டு, பேசாம வண்டியை எடுப்பாரு. அவரு கேக்கவே மாட்டாரு அண்ணாச்சி. நானாத்தான் சொல்லணும்.